இரண்டு பூட்டு, ஒரு சங்கிலி

அத்தியாயம் பதினொன்று

போன வாரம் படிக்கத் தவறியவர்களுக்காக ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். நெவிலும் டெஸ்ஸும் கூடப் பிறந்தவர்கள். ஓடைக்கு இந்தப் பக்கம் அண்ணன் நெவில், அந்தப் பக்கம் தம்பி டெஸ். அப்பன் சாகும்போது வீடும் மேட்டு நிலமும் பெரியவனுக்கு, வெறும் மேய்ச்சல் தரை சின்னவனுக்கு என்று எழுதிவிட்டுப் போனார். அன்று நின்ற பேச்சு இன்றுவரை நின்றே கிடக்கிறது.

நெவிலின் மனைவி லோர்னாவுக்கு நெஞ்சு சரியில்லை. புகை உள்ளே போனால் மூச்சு நின்றுவிடும் என்று டாக்டர் சொல்லியாயிற்று. அவளை அழைத்துப் போக மெல்போர்னிலிருந்து மகள் ஜெனீன் வந்திருக்கிறாள். வந்தவள் அப்பாவுக்குத் தெரியாமல் சித்தப்பாவுக்குப் போன் போட்டாள்.

சித்தப்பா சொன்னது இதுதான். "மெயின் ரோட்டை அடைச்சுட்டா யோசிக்காத. ஓடைக் கேட்டு வழியா அம்மாவைக் கூட்டிட்டு வந்துரு. விடியறதுக்குள்ள என் பூட்டைத் திறந்து சும்மா மாட்டி வைக்கிறேன். உங்கப்பன் கண்ணுல மட்டும் பட்டுறக் கூடாது."

பட்டுவிட்டது.

*

அன்று காற்று வடக்கேயிருந்து வீசியது. காலை வெயில் ஏறும் முன்பே அடுப்பைத் திறந்து முகத்தை நீட்டினால் எப்படியோ அப்படி. நாட்டின் நடுவிலிருக்கிற பாலை முழுக்கத் தடவிக்கொண்டு வருகிற காற்று அது. அதில் ஈரம் என்பது பேருக்கும் இல்லை.

நெவில் கம்பளிக் கால்சட்டை போட்டிருந்தார். மேலே தடித்த பருத்திச் சட்டை. இந்த வெயிலில் கம்பளியா என்று நகரத்து ஆள் சிரிப்பான். நைலான் போட்டவன் மேல் பொறி விழுந்தால் துணி தோலோடு ஒட்டிக்கொள்ளும். கம்பளி கருகும், ஒட்டாது.

ஒரு வாரமாக அவர் வேறு வேலை பார்க்கவில்லை. கூரை ஓரத்தில் மழைத்தண்ணீர் ஓடுகிற தகரக் காலிலிருந்து தைலமரச் சருகை மூட்டை மூட்டையாக வாரிக் கொட்டினார். விறகு அடுக்கை வீட்டுச் சுவரிலிருந்து தூரத் தள்ளினார். வாசல் மிதியடி, பிளாஸ்டிக் நாற்காலி எல்லாம் கொட்டகைக்குப் போயின. கேஸ் சிலிண்டரின் வாயை வீட்டுக்கு எதிர்ப்பக்கம் திருப்பி வைத்தார். எல்லாம் தன் கையால். தீயணைப்புக்காரர்கள் அச்சடித்துக் கொடுத்த காகிதத்தை அவர் படிக்கவில்லை. குளிர்சாதன அறையில் உட்கார்ந்து எழுதியது என்று அடுப்பில் போட்டுவிட்டார். அதில் இருந்ததும் இவர் செய்ததும் அநேகமாக ஒன்றுதான். அது வேறு விஷயம்.

மேட்டில் பெரிய தண்ணீர்த் தொட்டி. அதிலிருந்து மண்ணுக்கடியில் ஒரு பிளாஸ்டிக் குழாய், ஓடைக்கு இறங்கும் வண்டித்தடத்தின் ஓரமாகச் சுற்றி, வீட்டோரத்து பம்புக்கு வருகிறது. பம்பு பெட்ரோலில் ஓடுவது. கரண்டை நம்புகிற ஆள் அவர் இல்லை.

காலையில் அந்தக் குழாய் போகிற தடத்தில் நடந்து பார்த்தபோது ஒரு இடத்தில் நின்றார். ராத்திரி வாம்பேட், கரடிக்குட்டி மாதிரி உருண்டையான காட்டுப் பிராணி, வந்து வளை தோண்டியிருக்கிறது. மண்ணைக் குவித்துத் தள்ளிவிட்டுப் போயிருக்கிறது. குழியில் குழாய் ஒரு கை நீளத்துக்குப் பளபளவென்று வெளியே தெரிந்தது.

"சனியன் பிடிச்ச பன்னி," என்றார்.

மண்ணுக்குள் இருக்கிறவரை அந்தக் குழாயை எந்தத் தீயும் ஒன்றும் செய்யாது. வெளியே தெரிந்தால் மெழுகுவர்த்தி மாதிரி உருகும். குழாய் போனால் தொட்டி நிறையத் தண்ணீர் இருந்தும் பம்பு காற்றைத்தான் குடிக்கும். அவருக்கு இது தெரியாதா? மண்வெட்டியைக் குழி ஓரத்தில் குத்தி வைத்தார். மாடுகளை முதலில் கீழே ஓட்டிவிட்டு, திரும்பி வந்து மூடிவிடலாம்.

மாடுகளை ஓடைப் பக்கம் ஓட்டினார். அங்கே புல் மொட்டையாக மேய்ந்து கிடந்தது. எரிய ஒன்றும் இல்லாத இடம்தான் இன்றைக்கு மாட்டுக்கு நல்ல இடம். உள் கேட்டுகளையெல்லாம் திறந்து கம்பியால் கட்டி வைத்தார். கடைசியில் ஓடைக் கேட்டுக்கு வந்தார்.

ஓடையின் மேல் சிமெண்டுக் குழாய் போட்டு, வண்டி போகிற அகலத்துக்கு மண் கொட்டிய பாலம். பாலத்தின் நடுவில் இரும்புக் குழாய்க் கேட்டு. இரண்டு பக்கமும் செங்குத்தான பள்ளம். கேட்டைத் தாண்ட வேண்டுமானால் கேட்டு வழியாகத்தான் தாண்ட வேண்டும்.

கேட்டில் ஒரு சங்கிலி. சங்கிலியின் இந்த முனையில் நெவிலின் பூட்டு, அந்த முனையில் டெஸ்ஸின் பூட்டு, இரண்டும் ஒன்றோடொன்று கோத்தவை. எவன் தன் பூட்டைத் திறந்தாலும் சங்கிலி விழும். ஒருவன் சாவி இன்னொருவனுக்கு வேண்டாம். ஒருவன் முகத்தை இன்னொருவன் பார்க்கவும் வேண்டாம். எல்லை பங்கு போட்டுக்கொண்ட ஆட்கள் இந்த மலைப்பக்கத்தில் எல்லோரும் இப்படித்தான் கோத்து வைப்பார்கள்.

அன்று டெஸ்ஸின் பூட்டு வாய் திறந்து தொங்கியது.

தூரத்திலிருந்து பார்த்தால் பூட்டின மாதிரிதான் இருந்தது. கிட்டே வந்தால்தான் கொக்கி நுழையாமல் வெறுமனே மாட்டியிருந்தது தெரிந்தது. மறந்துபோய் விட்டதல்ல. மறைக்க வேண்டுமென்று மாட்டியது.

நெவில் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். அவர் புத்தி எந்தப் பக்கம் ஓடும் என்று இத்தனை வாரம் படித்தவர்களுக்குத் தெரியும். ஊரே புகைக்குப் பயந்து ஓடப்போகிற நாள். வீட்டைக் காலி செய்துவிட்டு அண்ணனும் போய்விடுவான். அப்புறம் இந்தப் பூட்டைத் தட்டிவிட்டு மாட்டையெல்லாம் உள்ளே விட்டால், மேட்டுத் தண்ணீர், மேட்டுப் புல், எல்லாம் தம்பிக்கு. அப்பன் எழுதிக் கொடுக்காததைத் தீ எழுதிக் கொடுக்கும்.

"பிணம் விழற வரைக்கும்கூடப் பொறுக்க முடியல உனக்கு," என்றார் ஆளில்லாத பக்கத்தைப் பார்த்து.

டெஸ்ஸின் பூட்டைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டார். சங்கிலியின் இரண்டு முனையையும் சேர்த்து இழுத்து, நடுவில் தன் பூட்டை மட்டும் போட்டு அமுக்கினார். கிளிக் என்றது. அந்தச் சத்தம் அவருக்கு இனித்தது.

வீட்டுக்கு ஏறி வரும் வழி முழுக்கத் தம்பியோடு வாய்க்குள்ளேயே சண்டை போட்டுக்கொண்டு வந்தார். பாதி தூரத்தில் ஒரு மண்வெட்டி குத்தி நின்றது. அதை அவர் பார்க்கவே இல்லை.

*

லோர்னா குளியல் தொட்டியில் தண்ணீர் நிரப்பிக் கம்பளிப் போர்வைகளை முக்கிக்கொண்டிருந்தாள். குனிந்து நிமிரும்போதெல்லாம் நெஞ்சில் விசில் அடித்தது.

"அதைத் தொடாதேன்னு சொன்னேனா இல்லையா?" என்றார் நெவில். "கிளம்பு. இன்னும் எதுக்கு நிக்கிற?"

"நீ வர்றியா?"

"நான் எதுக்கு?"

"அப்ப நான் எதுக்கு?"

ஜெனீன் சமையலறை மேஜையில் ரேடியோவை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முந்தின நாளிலிருந்து இதே நாலு வார்த்தைதான் இந்த வீட்டில் திரும்பத் திரும்ப ஓடியது. ரேடியோக்காரன் 'சீக்கிரம் கிளம்புங்கள்' என்றான். சீக்கிரம் என்றால் என்ன என்று மட்டும் அவன் சொல்லவில்லை. ஜெனீனுக்குச் சீக்கிரம் என்பது நேற்று. லோர்னாவுக்கு அது புருஷன் கிளம்பும்போது. நெவிலுக்கு அந்த வார்த்தையே கிடையாது.

"அம்மா, அங்க பிளாட்ல ஏசி இருக்கு, ஆஸ்பத்திரி பக்கத்துல இருக்கு. ரெண்டு நாள்தானே?"

"ரெண்டு நாள் இவன் என்ன தின்பான்?"

"தீ வந்தா அம்மா, யாரும் சாப்பாட்டைப் பத்தி யோசிக்க மாட்டாங்க."

"உங்கப்பன் யோசிப்பான்."

நெவில் ஒரு ரொட்டித் துண்டைக் கடித்தார். பையில் பூட்டு கனத்தது. சொல்லாமல் இருக்க முடியவில்லை.

"உன் கொழுந்தன் வேலையைக் காட்டிட்டான், தெரியுமா?"

ஜெனீன் தலை நிமிர்ந்தாள்.

"இன்னிக்காவது அவன் பேச்சை விடு நெவில்," என்றாள் லோர்னா. "எனக்கு மூச்சு வாங்குது."

"ஆமா, அவன்னா உனக்கு…"

"விடுன்னேன்."

விட்டார். ஜெனீன் என்ன வேலை என்று வாயைத் திறந்து கேட்கப் போனாள். கேட்டால் போன் போட்டது தெரிந்துவிடும். தெரிந்தால் அப்பா ஓடைப் பக்கம் வண்டியை விடவே மாட்டார். வாயை மூடிக்கொண்டாள். அவர் வாயை மூடியதும் இவள் வாயை மூடியதும் ஒரே நேரத்தில். இந்தக் குடும்பத்துக்கு அதுதான் கைவந்த பழக்கம்.

அப்போது வெளிச்சம் மாறியது. ஜன்னல் வழியாக மேஜையில் விழுந்த வெயில் வெள்ளையிலிருந்து செம்பு நிறத்துக்குப் போயிற்று. மூவரும் வராந்தாவுக்கு வந்தார்கள்.

மேற்கு முகட்டுக்குப் பின்னால் புகை எழுந்து நின்றது. தூண் மாதிரி அல்ல. மலைக்கு மேல் இன்னொரு மலை மாதிரி. மேலே வெள்ளை, அடியில் கறுப்பு, நடுவில் ஏதோ மஞ்சளாகக் கொதித்தது. பறவைகள் கத்தவில்லை. எப்போதும் வாய் ஓயாத கூக்கபராக்கூட எங்கேயோ போய்விட்டது. மரங்கள்தான் இரைந்தன.

லோர்னா இருமினாள். முதல் இருமல் சாதாரணமாக வந்தது. இரண்டாவது அவளை மடித்து வராந்தாத் தூணில் சாய்த்தது. மருந்தை வாயில் வைத்து உறிஞ்சி, கண்ணில் தண்ணீரோடு நின்றாள்.

ஜெனீன் அம்மாவின் முதுகைப் பிடித்துக்கொண்டு மெதுவாகத்தான் சொன்னாள். "நீ இங்க விழுந்தேன்னா அப்பா பம்பைப் பார்ப்பாரா, உன்னைப் பார்ப்பாரா? ரெண்டையும் பார்க்கப் போய் ரெண்டும் போகும். யோசிச்சுக்கோ."

லோர்னா புருஷனைப் பார்த்தாள். நெவில் படியோரத்தில் செருப்பு மண்ணைத் தேய்க்கிற கம்பியைப் பார்த்தார்.

"மருந்துப் பை எங்க?" என்றாள் லோர்னா.

நெவில் உள்ளே போய் மருந்துப் பையையும் அவள் தலையணையையும் கொண்டு வந்து காரில் வைத்தார். கிழட்டு நாயைத் தூக்கிப் பின்சீட்டில் போட்டார். ஈரப் போர்வை ஒன்றைப் பிழிந்து அவள் மடியில் விரித்தார்.

"கண்ணாடியை இறக்காத. புகை வந்தா இதை மூஞ்சிக்குப் போட்டுக்கோ."

"ஓவன்ல ஆட்டுக்கறி இருக்கு. அணைச்சுட்டேன். ஆறிக்கூடத் தின்னலாம்."

"சரி."

"பெரிய வீரன் மாதிரி கூரையில ஏறி நிக்காத. வயசு என்னன்னு ஞாபகம் வெச்சுக்கோ."

"போ."

இத்தனை வருஷத்தில் கல்யாண நாளுக்குக்கூட இதற்கு மேல் பேசிக்கொண்டதில்லை இருவரும். அவர் கார் கதவை அடித்துச் சாத்தினார். கூரையில் தகரக் கால் காய்ந்து கிடந்தது. இறங்கு குழாய் வாய்களில் மணல் திணித்த சாக்ஸை அடைத்துத் தண்ணீர் நிரப்ப வேண்டும். ஏணியைத் தூக்கிக்கொண்டு பின்பக்கம் போய்விட்டார். அதனால் ரேடியோ சொன்னது அவர் காதில் விழவில்லை.

ஜெனீன் காதில் விழுந்தது. மெயின் ரோட்டில் மரங்கள் விழுந்துவிட்டன. போலீஸ் இரண்டு பக்கமும் அடைத்துவிட்டது. யாரும் அந்தப் பக்கம் வர வேண்டாம்.

அவள் அம்மாவைப் பார்த்தாள். வண்டியைக் கிளப்பினாள். ரோட்டுப் பக்கம் திரும்பவில்லை.

*

பம்பு ஒரே இழுப்பில் கிளம்பியது. நெவில் ஏணி மேல் நின்று பம்பின் ரப்பர் குழாயைத் தகரக் காலில் சொருகினார். தண்ணீர் சலசலவென்று ஓடி நிறைந்தது. நல்ல சத்தம். இன்றைக்குக் கேட்ட முதல் நல்ல சத்தம்.

காற்றில் சருகு பறந்து வந்தது. ஒன்று அவர் கை மேல் உட்கார்ந்தது. கறுப்புச் சருகு, விளிம்பில் மட்டும் சிவப்பு. ஊதி அணைத்தார். அடுத்தது புல்வெளியில் விழுந்து ஒரு சின்ன நூலாகப் புகைந்தது. வாளியும் துடைப்பமும் கீழே தயாராக இருந்தன. பரவாயில்லை, இது நாம் எதிர்பார்த்ததுதான் என்று சொல்லிக்கொண்டார்.

தீ மேற்கு முகட்டின் மேலேறித் தெற்கே ஓடிக்கொண்டிருந்தது. வீட்டைப் பார்த்து வரவில்லை. பக்கவாட்டில், ரயில் போகிற மாதிரி, தன் வழியே போனது. வடக்குக் காற்று இருக்கிறவரை அது அப்படியே போகும்.

கார் ரோட்டை எட்டியிருக்குமா என்று கீழே பார்த்தார். ரோட்டுப் பக்கம் தூசியே இல்லை.

தூசி ஓடைப் பக்கம் எழுந்தது.

நகரத்துச் சின்னக் கார், மாடுகளுக்கு நடுவே தட்டுத் தடுமாறி, அவர் காலையில் கட்டி வைத்த திறந்த கேட்டுகள் வழியாக ஒவ்வொன்றாகக் கீழே இறங்கியது. ஏன் அந்தப் பக்கம் போகிறாள்? அங்கே போக வழி ஏது?

அப்புறம்தான் மண்டையில் விழுந்தது. வாய் திறந்து தொங்கிய பூட்டு. மறைத்து மாட்டிய பூட்டு. அது திருடுவதற்கு இல்லை.

"ஜெனீன்," என்று கத்தினார். காற்று அதை அவர் வாயிலிருந்தே பிடுங்கிக்கொண்டு போயிற்று. போனை எடுத்தார். சிக்னல் ஒரு கோடுகூட இல்லை. எப்போதோ கரண்டு போயிருக்கிறது, அதோடு போன் கோபுரமும் செத்துவிட்டது.

சாவி இடுப்பில் தொங்கியது. அவர் இடுப்பில் மட்டும்தான்.

ஏணியின் பாதியில் நின்றார். கீழே போனால் வீடு போகும். பொறி விழுந்த ஐந்து நிமிடத்தில் ஆள் பார்க்காவிட்டால் கூரைக்குள் புகுந்துவிடும், அப்புறம் எவ்வளவு தண்ணீர் இருந்தும் பிரயோஜனம் இல்லை. அப்பன் தன் கையால் பலகை அறுத்துக் கட்டிய வீடு. இதற்காகத்தான் தம்பியை இழந்தார், ஊர்ப் பேச்சைக் கேட்டார், ஒரு நாள்கூடக் காலி செய்யாமல் காவல் காத்தார். போக மாட்டேன் என்று எல்லோர் முகத்துக்கும் சொன்னார்.

கீழே கார் பாலத்தில் நின்றது. பிரேக் விளக்கு சிவப்பாக எரிந்தது.

பம்பை ஓடவிட்டு, பிக்கப் வண்டிக்கு ஓடினார். முழங்கால் வலித்தது என்பது மறுநாள்தான் தெரிந்தது.

*

கேட்டுக்கு அந்தப் பக்கம் டெஸ் நின்றான். அவன் வண்டியின் பின்னால் தண்ணீர்த் தொட்டியும் சின்ன பம்பும் கட்டியிருந்தன. கேட்டையே வண்டியால் இழுத்துப் பிடுங்க, கேட்டுக் கம்பியில் இழுவைச் சங்கிலியைச் சுற்றிக்கொண்டிருந்தான். தலைமுடி எல்லாம் நரைத்திருந்தது. நெவில் அதை இன்றுதான் பார்க்கிறார்.

ஜெனீன் கேட்டை இரண்டு கையாலும் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தாள். காருக்குள் லோர்னா போர்வையை முகத்தில் அழுத்தியிருந்தாள். தோள்கள் மேலும் கீழும் ஏறி இறங்கின. மூச்சு உள்ளே போகிற சத்தம் கண்ணாடிக்கு வெளியே கேட்டது.

"என் பூட்டு எங்க?" என்றான் டெஸ். இத்தனை வருஷத்துக்குப் பிறகு முதல் பேச்சு.

"என் பையில."

"நினைச்சேன்."

"வெட்டிப் போட வேண்டியதுதானே?"

"எதை வெச்சு? கம்பி வெட்டி உன் கொட்டகையில இருக்கு. நீ வாங்கிட்டுப் போனது."

"இரும்பு அறுக்கிற கிரைண்டர் இருக்குமே."

"இந்தக் காத்துல பொறி பறந்தா மிச்சக் காட்டையும் நானே கொளுத்தினவன் ஆயிடுவேன். அதுக்கும் நீதான் முதல்ல வந்து சாட்சி சொல்லுவ."

நெவில் இடுப்பிலிருந்து சாவியை எடுத்தார். சாவி பூட்டுக்குள் நுழையவில்லை. இரும்பு சுட்டது, சாவி இரண்டு தரம் வழுக்கியது. ஜெனீன் அவர் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினாள். திட்டுவாள் என்று நினைத்தார். அவள் சாவியைத் துவாரத்துக்கு நேரே நகர்த்தினாள். அது திட்டியதைவிட மோசமாக இருந்தது.

கிளிக்.

சங்கிலி விழுந்தது. டெஸ் கேட்டை இழுத்துப் பிடித்தான். கார் தாண்டியது. அந்தப் பக்கம் டெஸ்ஸின் நிலம் நாய் நக்கின தட்டு மாதிரி மொட்டையாகக் கிடந்தது. அப்பன் அவனுக்குக் கொடுத்த வெறும் தரை. இன்றைக்கு அதுதான் எரிய எதுவும் இல்லாத பரந்த இடம்.

நெவில் காரின் பக்கம் போய்க் குனிந்தார். லோர்னா கண்ணாடியை ஒரு விரல் அளவு இறக்கினாள். உதடு நீலம் பாரித்திருந்தது.

"நீ இவகூடப் போ," என்றார். "நான் மேல போறேன். பம்பு ஓடிட்டிருக்கு."

லோர்னா தலையை ஆட்டினாள். பேச மூச்சு இல்லை. கதவுப் பிடியில் கை வைத்தாள். அவர் போனால் தானும் இறங்குவாள் என்று அர்த்தம். அவள் செய்வாள். நேற்றிலிருந்து அதைத்தானே சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

"அவகிட்ட நில்லு," என்றான் டெஸ் பின்னாலிருந்து. "நான் போறேன்."

"எங்க?"

"வீட்டுக்கு."

"என் வீட்டுக்கா?"

டெஸ் இழுவைச் சங்கிலியைச் சுருட்டி வண்டியில் எறிந்தான். "நான் பொறந்ததும் அந்த முன்னறையிலதான் நெவில். வாசல்ல வந்து நின்னா சுட்டுருவியோன்னுதான் இத்தனை நாள் வரல. இப்ப நீ இங்க இருக்க." வண்டியில் ஏறினான். "பெட்ரோல் எவ்வளவு ஊத்தின?"

"நிறைய."

"தண்ணி?"

"தொட்டி நிறைஞ்சிருக்கு."

"அப்ப என்ன. ஒரு கிழவன் செய்யறதை இன்னொரு கிழவன் செய்ய முடியாதா?"

அவன் வண்டி நெவிலை உரசிக்கொண்டு பாலத்தைத் தாண்டி மேட்டில் ஏறியது. அந்த நேரத்திலும் நெவிலின் மனதில் வந்த முதல் நினைப்பை மறைக்க மாட்டேன். வீட்டைப் பிடித்துக்கொண்டு விடுவானோ என்றுதான் வந்தது. வந்த உடனே அவருக்கே வாய் கசந்தது.

கை பழக்கத்தில் கேட்டை மூடப் போயிற்று. நிறுத்தினார். இடுப்பு பெல்ட்டைக் கழற்றி, கேட்டை விரியத் திறந்து தூணோடு சேர்த்துக் கட்டினார். சட்டைப் பையிலிருந்து டெஸ்ஸின் பூட்டை எடுத்தார். சூடாக இருந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு மேட்டைப் பார்த்தார். தம்பியின் வண்டி சருகுப் புகைக்குள் ஏறி, ஏதோ நட்டுக்கொண்டு நிற்கிற ஒரு குச்சியைச் சுற்றி வளைத்துப் போயிற்று.

குச்சி இல்லை. மண்வெட்டி.

குழாய். வெளியே பளபளத்த குழாய். காலையில் மூடியிருக்க வேண்டியது. பூட்டைப் பார்த்த பொருமலில் அப்படியே விட்டுவிட்டு வந்தது. தொட்டி நிறைந்திருக்கிறது என்று இப்போதுதான் வாயால் சொன்னார், இருக்கிறது, ஆனால் அங்கே ஒரு பொறி உட்கார்ந்தால் அதில் ஒரு சொட்டும் கீழே இறங்காது.

"டெஸ்," என்று கத்தினார். வண்டிக்கு ஓடி ஹாரனை அமுக்கினார். விடாமல் அமுக்கினார். மேட்டில் வண்டி நிற்கவில்லை. பம்பு இரைகிற இடத்தில் ஹாரன் எங்கே கேட்கும்?

"அப்பா, என்ன ஆச்சு?" என்றாள் ஜெனீன்.

பின்னால் லோர்னாவின் மூச்சு. முன்னால் தம்பி. அவர் வாய் திறந்தபடி நடுப்பாலத்தில் நின்றார்.

காற்று நின்றது.

காலையிலிருந்து முகத்தில் அறைந்துகொண்டிருந்த வடக்குக் காற்று, யாரோ கதவைச் சாத்தின மாதிரி நின்றது. மரங்கள் இரைவதை நிறுத்தின. மாடுகள் தலை தூக்கின. மேட்டில் பம்பு ஓடுகிற சத்தம் மட்டும் தெளிவாக, ஒழுங்காகக் கேட்டது.

அப்புறம் அவர் பிடரியில் ஏதோ பட்டது. மெல்லிசாக, சில்லென்று. தென்மேற்கிலிருந்து, கடல் வாசனையோடு.

இந்த மலைப்பக்கத்தில் பிறந்தவன் எவனும் அந்தக் குளிர்ச்சிக்கு அப்பாடா என்று சொல்ல மாட்டான். முகட்டு நெடுக நீளமாகப் படுத்திருந்த தீ, அந்தக் காற்றில், படுத்த இடத்திலேயே வீட்டைப் பார்த்துப் புரண்டது.